மெதுவாகக் கிடத்தினவன்

“…பிடிச்சது பிழைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எவ்வளவு மெதுவாக் கிடத்தினவன் எண்டதையும் ஒருக்கா யோசியுங்கோ. பால்குடிப் பிள்ளையைத் தொட்டிலிலை விடுறமாதிரியெல்லோ விட்டவன்.”

இப்படி எனக்காக வாதாடிக்கொண்டிருந்தவர் ஒரு பெண்ணின் அப்பா. அந்தப் பெண்ணைத்தான் நான் கட்ட ஆசைப்பட்டேன். அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை. இடம், லண்டனில் மிச்சம் என்கிற ஊருக்குப் பக்கத்துப் பூங்கா ஒன்று. பழைய மாணவர் சங்கங்களின் வருடாந்த உதைபந்தாட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கிடத்தினவன் நான். கிடந்தவர் எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர், ஐம்பதைத் தாண்டிய, வயிறு வைத்த ஓர் அண்ணை. நடுவர் விசில் ஊதிப் பெனால்டி கொடுத்துவிட்டார். நான் கோலுக்கு முன்னால், விரலில் பாதிவரைதான் ஏறிய இரவல் கையுறையோடு நின்றேன். உதைபந்தாட்டத்தில் கோலுக்கு நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்கு முன் என் தொழிலே ஆளைப் பிடிப்பதுதான். அமெரிக்கன் புட்போல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் கூரான, நல்லெண்ணெய்ப் போத்தல் அளவு பந்து. ஓர் அணி அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேறப் பார்க்கும், மற்ற அணி விடாது. விடாத பக்கத்தை டிபென்ஸ் என்பார்கள். அதில் முன்வரிசையில், நட்டநடுவில், குனிந்து நிற்கிற பெரிய உடம்புக்காரன் நான். எனக்கு முன்னால் என்னைவிடப் பெரியவர்கள் இரண்டு பேர் நின்று தள்ளுவார்கள். அவர்களைத் தாண்டிப் போய்ப் பந்து வைத்திருக்கிறவரைத் தரையில் விழுத்த வேண்டும். அதற்குத்தான் சம்பளம். பந்து எங்களைத் தேடி வராது. இத்தனை வருட விளையாட்டில் பந்து என் கைக்கு வந்தது ஒரேயொரு தடவை. அதையும் திகைப்பில் கீழே போட்டுவிட்டேன்.

பிறந்தது ஜெர்மனியில், ஒரு சின்ன ஊரில். அங்கே இந்த விளையாட்டுக்கு நல்ல மதிப்பு. அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நான் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, “இவனை எங்கையாவது ஒரு கிளப்பிலை விடுவம், இல்லாட்டி வீட்டைச் சாப்பிட்டுப்போடுவன்” என்று சொல்லிப் பக்கத்துத் தெருக் கிளப்பில் சேர்த்துவிட்டவர் அவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் நோய் வந்து இறந்துபோனார். அம்மாவின் தமையன் மிச்சத்தில் இருந்தார். அவரை நம்பி அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து, டிராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பலசரக்குக் கடை போட்டார்.

அந்தக் கடையில்தான் நான் தமிழ் படித்தேன். வகுப்பு எதற்கும் போகவில்லை. சனங்கள் வருவார்கள், கதைப்பார்கள், நான் சாமான் அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவர் சொன்ன வார்த்தை நன்றாக இருந்தால் அன்று முழுக்க வாய்க்குள் வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். என்னைப் பற்றியே நிறையச் சொன்னார்கள். முருங்கைக்காய் வாங்க வருகிற அக்கா ஒருவர், “தம்பி, நீ கதவடியிலை நிக்காதை, கடை பூட்டியாச்சாக்கும் எண்டு சனம் திரும்பிப் போகுது” என்பார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற ஓர் ஐயா, என் தோளில் தட்டி, “உன்னை அளந்து தைக்கிறவனுக்கு இரண்டு நாள் லீவு வேணும்” என்பார். எனக்குக் கோபம் வராது. இவ்வளவு சோடித்துச் சொல்வதற்கு அவர்களுக்கு என் மேல் அன்பு இல்லாமலா?

கடையில் என் முதல் வேலை அரிசி மூட்டை இறக்குவது. வான் வண்டியில் இருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், உள் அறையில் அடுக்க வேண்டும். தொடக்கத்தில் நான் மூட்டையைத் தொப்பென்று போட்டேன். ஒரு மூட்டை வெடித்து அரிசி எல்லாம் நிலத்தில். அம்மா ஏசவில்லை. விளக்குமாறைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

“எறியாதை தம்பி. கிடத்து. நித்திரை கொள்ளுற ஆளைக் கிடத்துறமாதிரிக் கிடத்து.”

அன்று பிடித்த பழக்கம்தான். லண்டனில் ஒரு கிளப் கிடைத்து, சேறும் பனியுமான ஒரு திடலில் திரும்ப விளையாடத் தொடங்கியபோது, நான் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, தூக்கி, நிலத்தில் கிடத்தினேன். மற்றவர்கள் மோதி விழுத்துவார்கள். நான் கிடத்துவேன். பிறகு கையைக் கொடுத்து எழுப்பிவிட்டு, சுகமா என்று கேட்பேன். என் அணிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். “நீ விழுத்தினா ஆக்கள் நன்றி சொல்லிப்போட்டுப் போறாங்கள்” என்றான் ஒருவன்.

அந்தப் பழக்கத்தால் எனக்கு நட்டம் வரவில்லை. கண்டபடி மோதினால் தண்டனை உண்டு. எனக்குத் தண்டனை விழுவது அபூர்வம். ஜெர்மனியில் இருந்து ஒரு பெரிய அணி பார்த்துவிட்டுச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. கோடை முழுக்க அங்கே விளையாட்டு, குளிருக்கு லண்டனில் கடை. அங்கிருந்த பயிற்சியாளர் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லித் தந்தார். “நீ ஒரு கதவு. கதவு யோசிக்கக் கூடாது. திறக்காமல் இருந்தால் போதும்.” என்னை ஏற்கனவே கடைக் கதவு என்று சொன்ன முருங்கைக்காய் அக்காவிடம் இதைச் சொன்னேன். “பாத்தியே, நான் முந்தியே கண்டுபிடிச்சிட்டன்” என்று பெருமைப்பட்டார்.

ஒரு கோடையில் அமெரிக்காவின் பெரிய அணி ஒன்று பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அங்கேதான் என் அளவில் சேர்ட் கடையில் சாதாரணமாகத் தொங்குவதைப் பார்த்தேன். நாலு வாங்கினேன். என்னைவிடப் பெரியவர்கள், என்னைவிட வேகமாக ஓடினார்கள். போட்டிகள் தொடங்க முன்னரே என்னை அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டுச் சொன்ன உதவிப் பயிற்சியாளர் நல்ல மனிதர். “உன்னை அனுப்புவது, குசினியில் இருந்து பிரிட்ஜை வெளியே எடுக்கிறமாதிரி இருக்கிறது. இடம் வெறிச்சோடிப் போகும்” என்றார். விமானத்தில் முழு வழியும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். கொஞ்சம் அழுததும் உண்மை. கடைக்குள் நுழைந்தபோது அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார்.

“வந்திட்டியோ? நல்லதாப் போச்சு. வாழைக்காய்ப் பெட்டி வந்து வெளியிலை கிடக்கு.”

அம்மா நான் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. பயத்தால் அல்ல, கடையால். “கடையைப் பூட்டிப்போட்டு விளையாட்டுப் பாக்க வரேலுமே? பூட்டின கடைக்குச் சனம் மறுபடி வருமே?” என்பார். அமெரிக்கா என்றாலும் அதே பதில், அடுத்த தெருவென்றாலும் அதே பதில்.

பிறகு முழங்கால் போயிற்று. யாரும் மோதவில்லை. நானே திரும்பும்போது போயிற்று. சத்திரசிகிச்சை முடிந்து, லண்டனில் ஒரு கிளினிக்கில் நடக்கப் பழக்கினார்கள். பழக்கினவர் ஒரு தமிழ்ப் பெண், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருந்து வருகிறவர். முதல் நாள் என் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது காலில்லை, தூண்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நான் தமிழ் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஸொறி அண்ணா” என்றார். மூன்றாம் கிழமை அந்த அண்ணாவை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைக்கு வந்த ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார். “முழங்காலைப் பாக்க வந்த பிள்ளை முழு ஆளையும் பாத்திட்டுது.”

டிராமில் விம்பிள்டனுக்குப் போய், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் லண்டனின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்குப் போனால் பார்க்கிங். அவர்கள் வீட்டுக்கு முதல்முதல் போன அன்று அவர் அம்மா மிகவும் மரியாதையாக, “இருங்கோ தம்பி, நீங்கள் நிண்டா லைற் மறைக்குது” என்றார். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். பெற்றோல் ஸ்டேசன் நடத்தி, விற்றுவிட்டு ஓய்வில் இருக்கிறவர். பொய் சொல்லாத, சுற்றி வளைக்காத மனிதர்.

“தம்பி, உம்மடை மட்ச் ஒண்டைப் போனிலை முழுக்கப் பாத்தன்.”

“எப்பிடி அங்கிள்?”

“முதுகு தெரிஞ்சுது.”

தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“பந்து உம்மட்டை வரவே இல்லையே.”

“வராது அங்கிள். பந்து வைச்சிருக்கிற ஆக்களைப் பிடிக்கிறதுதான் எங்கடை வேலை.”

“பொலிஸ் மாதிரி.”

“ஓம், கிட்டத்தட்ட.”

“பொலிசுக்குப் பென்சன் இருக்கு.”

அதற்குள் என் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். இன்றைக்கும் அந்த வேலைதான், அது எனக்குப் பிடித்த வேலை. அதையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, மகளை ஒருமுறை, மனைவியை ஒருமுறை, நான் உட்கார்ந்திருந்த சோபாவின் கால்களை ஒருமுறை பார்த்தார்.

“பாப்பம்” என்றார்.

அடுத்த தடவையும் பாப்பம். அதற்கடுத்த தடவை நல்ல இடியப்பம், நல்ல சொதி, பிறகு பாப்பம். மகளோ பிடிவாதக்காரி. அப்பா மனம் நிறைந்து சொல்லாமல் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மிச்சத்துக்குத் திரும்பி வரும்போது அம்மா தராசில் எதையாவது போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்பார்.

“என்னவாம்?”

“பாப்பமாம்.”

“இந்தக் கடையிலை பாப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போன ஒருத்தரும் திரும்பி வந்து வாங்கினதில்லை” என்பார்.

முடிவு தெரியாமல் அம்மா அந்த வீட்டுப் படி ஏற மாட்டார். எங்கள் ஆட்களில் அது முறையில்லை. அம்மாவும் பெண்ணின் அப்பாவும் ஒரே ஒரு தடவை போனில் கதைத்தார்கள். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவர் “பிள்ளையின்ரை அப்பா” என்றார், அவர் “தம்பியின்ரை அம்மா” என்றார். காலநிலை பற்றியே கதைத்து முடித்தார்கள்.

இனித் திடலுக்கு வருகிறேன். பிள்ளையின் அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் அணிக்கு அவர்தான் மனேஜர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று மகள் சொன்னார். கடைக்குப் பக்கத்தில்தானே, வந்து நின்று உதவி செய், அப்பாவின் கண்ணில் படு என்றார். நான் போய்த் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளையும் விற்க வைத்திருந்த ரோல்ஸ் சிற்றுண்டிப் பெட்டிகளையும் சுமந்தேன். ஒலிபெருக்கியில் ஓர் ஒழுங்கமைப்பாளர் போட்டி விபரத்தையும் வாகனக் கதையையும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். “வாசலை மறிச்சு நிக்கிற வெள்ளை வான்காரர், தயவுசெய்து வானை எடுங்கோ.” காலையில் தொடங்கிய அந்த வேண்டுகோளை வான்காரர் கடைசிவரை காதில் வாங்கவில்லை.

அரையிறுதிக்கு முன் எங்கள் பக்கத்துக் கோல்காப்பாளருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்பா நாலு பக்கமும் பார்த்தார். நான் இரண்டு பெட்டியை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

“தம்பி, கையாலை பிடிக்கிற விளையாட்டுத்தானே உம்மடை?”

“ஓம் அங்கிள்.”

“கோலுக்கு நில்லும்.”

“அங்கிள், எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாது.”

“தெரிய வேண்டாம். அடைச்சுக்கொண்டு நிண்டாப் போதும்.”

கதவு என்றால் அது எனக்குத் தெரிந்த வேலைதானே. போய் நின்றேன். உண்மையில் நன்றாகவே போயிற்று. வந்த பந்துகளில் பாதி என்னைத் தேடி வந்து நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டுத் திரும்பின. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோட்டோரம் நின்ற அப்பா முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது. உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஆட்டம் முடிகிற நேரம், எதிரணி அண்ணை பந்தோடு தனியாக ஓடிவந்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு. எனக்கு முன்னால் பந்து வைத்திருக்கிற ஒரு மனிதர். இடையில் யாரும் இல்லை. என் கைகள் என்னைக் கேட்கவில்லை. முன்னால் பாய்ந்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, தூக்கி, புல்லில் கிடத்தினேன். பந்து தன்பாட்டுக்கு உருண்டு வெளியே போயிற்று.

“சுகமோ அண்ணை?” என்று கையைக் கொடுத்தேன்.

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “கொஞ்சம் பொறும் தம்பி. நல்லா இருக்கு. எழும்ப மனமில்லை.”

விசில். பெனால்டி. நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஞ்சள் அட்டையைக் காட்டினார். எதிரணிக்காரர் எல்லோரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வாதத்தை எடுத்துவிட்டார். பிடித்தது பிழைதான், ஆனால் எவ்வளவு மெதுவாக.

“மெதுவாக் கிடத்தினதெல்லாம் இருக்கட்டும். இது ஆர் ஆள்? எந்தப் பள்ளிக்கூடம்?” என்றார் எதிரணித் தலைவர்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. முந்தின வருடம் வேறோர் அணி கிளப்பில் விளையாடுகிற வெளியாட்களைக் கொண்டுவந்து கிண்ணத்தை வென்றுவிட்டது. அதற்காக ஒரு சட்டம் போட்டார்கள். பழைய மாணவர், அவருடைய பிள்ளை, அவருடைய மருமகன். வேறு யாரும் விளையாடக் கூடாது. விளையாடினால் அந்த அணி வெளியே. கூட்டத்தில் எழுந்து நின்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிள்ளையின் அப்பா.

ஒழுங்கமைப்பாளர் மைக்கையும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். அவர் கேட்டது ரோல்ஸ் மேசை வரைக்கும் கேட்டது.

“அண்ணை, சட்டம் நீங்கள் கொண்டந்தது. சொல்லுங்கோ. இவர் உங்களுக்கு ஆர்?”

கொத்துரொட்டி போடுகிறவர் கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார். கோட்டோரம் மகள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் “அங்கிள், நான் போறன், பிரச்சினை இல்லை” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என் சப்பாத்தில் தொடங்கி மெதுவாக மேலே தலைவரை பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, நான் உயரம். பிறகு, எழும்ப மனமில்லாமல் இன்னும் புல்லில் கிடந்த அண்ணையைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“மருமகன்” என்றார்.

ஒலிபெருக்கி அதைத் திடலுக்கு மறுபடி ஒருமுறை சொன்னது.

“எப்ப முடிஞ்சது?” என்றார் எதிரணித் தலைவர்.

“இன்னும் முடியேல்லை. முடிஞ்சிருக்க வேணும் எண்டு சட்டத்திலை இல்லை. எழுதேக்கை நான் இருந்தனான்.”

புல்லில் கிடந்தவர் கையை உயர்த்தினார். “கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடாட்டி நான் கேஸ் போடுவன்.”

கோட்டோரம் சிரிப்பும் கைதட்டலும். மகள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. நடுவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டு, என்னைக் கோலுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அடிக்கிறவர் பின்னால் நடந்து இடம் எடுத்தார்.

“கொஞ்சம் நில்லுங்கோ” என்றார் அப்பா. போனை எடுத்து, இலக்கத்தைத் தேடி, காதில் வைத்தார். மைக் இன்னும் பக்கத்தில்தான் இருந்தது.

“சம்பந்தி, நான்தான். ஓம், சம்பந்தி எண்டுதான் சொன்னனான். கடையைப் பூட்டிப்போட்டு உடனை இஞ்சை வாங்கோ. தம்பிக்குப் பெனால்டி அடிக்கப் போறாங்கள்.”

மறுபக்கம் அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா போனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒழுங்கமைப்பாளரின் கையில் இருந்த மைக்கை வாங்கி, “வெள்ளை வான்காரர், வாசலை விடுங்கோ, சம்பந்தி வாறா” என்றார். பிறகு, நடுவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டக் காட்ட, பெனால்டிப் புள்ளிக்கு நடந்து போனார். குனிந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றார்.